கல்தச்சர் மகன் கண்ட வேகக் கணக்கு

சங்கராபுரத்தில் கள்ளக்குறிச்சி சாலை ஓரமாக ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

தூரத்தில் ஒரு பஸ் வருகிறது. டிரைவர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வருகிறார். பஸ் நெருங்கும்போது அந்தச் சத்தம் கூர்மையாகக் காதில் விழுகிறது. பஸ் உங்களைத் தாண்டிய மறு நொடியே, அதே சத்தம் கனத்துத் தணிந்துவிடுகிறது.

டிரைவர் ஹாரனை மாற்றவில்லை. ஒரே ஹாரன்தான். பிறகு ஏன் இந்த மாற்றம்?

மாடு மேய்க்கும் சிறுவன் முதல் மளிகைக் கடைக்காரர் வரை எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். ஆனால் இதற்குக் காரணம் என்ன என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் ஒருவர். அவர் பெயர் கிறிஸ்டியன் டாப்ளர்.

இன்று சாலை ஓரத்தில் போலீசார் ஒரு கருவியைக் கையில் பிடித்து, வரும் காரை நோக்கி நீட்டுகிறார்கள். கண் இமைக்கும் நேரத்தில் காரின் வேகம் எண்ணாகத் தெரிகிறது. அந்தக் கருவி வேலை செய்வது டாப்ளரின் கணக்கைக் கொண்டுதான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? டாப்ளர் தம் வாழ்நாளில் ஒரு மோட்டார் காரைக்கூடப் பார்த்தது இல்லை. அவர் இறந்து 30 ஆண்டுகளுக்குப் பிறகுதான் மோட்டார் கார் பிறந்தது!

உளி தூக்க முடியாத பையன்

ஐரோப்பாவில் ஆஸ்திரியா என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே மலைகள் சூழ்ந்த அழகான நகரம் சால்ஸ்பர்க். இசை மேதை மோசார்ட் பிறந்த ஊர் அது. மோசார்ட்டின் குடும்பம் வசித்த ஒரு வீடு இருக்கும் அதே சதுக்கத்தில், 1803-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி டாப்ளர் பிறந்தார்.

அவருடைய தந்தை கல்தச்சர். பாட்டன், முப்பாட்டன் காலம் தொட்டே அந்தக் குடும்பத்துக்குக் கல்வேலைதான் தொழில். வசதிக்குக் குறைவில்லை. மகனும் உளியைக் கையில் எடுப்பான் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

ஆனால் பையனுக்கு உடம்பில் வலு இல்லை. கல்லைப் புரட்டவும் சுத்தியை ஓங்கவும் தெம்பு வேண்டாமா? இவன் இந்த வேலைக்கு ஆக மாட்டான் என்று தந்தை கண்டுகொண்டார். படிக்கவாவது படிக்கட்டும் என்று முடிவு செய்தார்.

அந்த ஊரில் ஸ்டாம்ப்பர் என்ற கணித ஆசிரியர் இருந்தார். அவரிடம் பையனைப் பற்றி யோசனை கேட்டார்கள். பையனுக்குக் கணக்கு நன்றாக வருகிறது, தலைநகர் வியன்னாவுக்கு அனுப்புங்கள் என்று அவர் சொன்னார். 1822-ம் ஆண்டு டாப்ளர் வியன்னாவுக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 18.

வேலை இல்லாத் திண்டாட்டம்

படிப்பு முடிந்தது. 1829-ம் ஆண்டு வியன்னாவில் ஒரு கணிதப் பேராசிரியருக்கு உதவியாளராக வேலை கிடைத்தது. அது நான்கு ஆண்டுதான் நீடித்தது. அதற்குப் பிறகு நிலையான வேலை இல்லை. வயதோ 30 ஆகிவிட்டது.

எங்கெங்கோ மனு போட்டார். போட்டித் தேர்வுகள் எழுதினார். ஒன்றும் பலிக்கவில்லை. வயிற்றுப்பாடு இருக்கிறதே! பஞ்சாலை ஒன்றில் கணக்கு எழுதும் வேலையை ஏற்றுக்கொண்டார். உயர்ந்த கணிதம் படித்தவர், நூல் மூட்டைகளுக்கு வரவு-செலவு எழுதினார். ஒன்றரை ஆண்டு இப்படிப் போயிற்று.

1835-ம் ஆண்டு அவர் மனம் வெறுத்துப் போனார். இந்த நாட்டில் நமக்குப் பிழைப்பு இல்லை, அமெரிக்காவுக்குப் போய்விடலாம் என்று தீர்மானித்தார். தம்மிடம் இருந்த பொருள்களை விற்றார். அமெரிக்கப் பிரதிநிதியைச் சந்திக்க மியூனிக் நகருக்கும் போய்விட்டார்.

கப்பல் ஏற வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில், பிராக் நகரப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியர் வேலை தயாராக இருப்பதாகச் செய்தி வந்தது. டாப்ளர் அமெரிக்கப் பயணத்தைக் கைவிட்டார்.

மறு ஆண்டு சால்ஸ்பர்க் பொற்கொல்லர் ஒருவரின் மகளான மெத்தில்டாவை மணந்துகொண்டார். அவர்களுக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தார்கள்.

ஒரு சிறு கூட்டம்

பிராக் நகரில் டாப்ளர் படிப்படியாக உயர்ந்து பேராசிரியர் ஆனார். 1842-ம் ஆண்டு மே 25-ந் தேதி, அங்கிருந்த அறிவியல் கழகத்தில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். கேட்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். உலகத்தை மாற்றப்போகும் ஒரு கருத்து அந்தச் சிறு கூட்டத்தில்தான் முதன்முதலாக வெளிவந்தது.

அது என்ன கருத்து? எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர்கள் வரிசையாகப் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரே தூரம். நீங்கள் சாலை ஓரத்தில் சும்மா நின்றால், ஒரு நிமிடத்தில் 4 டிராக்டர்கள் உங்களைக் கடந்து போகின்றன. நீங்கள் சைக்கிளில் ஏறி அவற்றுக்கு எதிராகப் போனால் என்ன ஆகும்? அதே ஒரு நிமிடத்தில் 6 டிராக்டர்களைச் சந்திப்பீர்கள். அவை போகும் திசையிலேயே போனால் 2 டிராக்டர்கள்தான் உங்களைத் தாண்டும். டிராக்டர்களின் வேகம் மாறவில்லை. நீங்கள் நகர்ந்ததால் எண்ணிக்கை மாறிவிட்டது.

ஒலியும் அலை அலையாகத்தான் வருகிறது. ஹாரன் நம்மை நோக்கி வந்தால், ஒரு நொடியில் அதிக அலைகள் நம் காதில் விழும். சுருதி ஏறும். விலகிப் போனால் குறைந்த அலைகள் விழும். சுருதி இறங்கும். எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கணக்கிட்டால், வருவதன் வேகம் தெரிந்துவிடும்!

டாப்ளர் இதைக் கண்டது ஹாரனுக்காக அல்ல. வானத்து நட்சத்திரங்களுக்காக. சில நட்சத்திரங்கள் சிவப்பாகவும் சில நீலமாகவும் தெரிவதற்கு, அவை நகர்வதுதான் காரணம் என்று அவர் நினைத்தார். அது தவறு. நட்சத்திரத்தின் நிறத்துக்கு முக்கிய காரணம் அதன் வெப்பம். ஆனால் அவர் போட்ட அடிப்படைக் கணக்கு சரியானது.

ரெயிலில் ஏறிய வாத்தியக்காரர்கள்

சொன்னால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டாமா?

ஆலந்து நாட்டில் பாய்ஸ் பாலட் என்ற 27 வயது இளைஞர் இருந்தார். டாப்ளர் சொன்னதில் அவருக்குச் சந்தேகம். 1845-ம் ஆண்டு அவர் ஒரு காரியம் செய்தார். கொம்பு வாத்தியம் ஊதுகிறவர்களை ரெயிலில் ஏற்றினார். ஒரே சுரத்தை விடாமல் ஊதும்படி சொன்னார். சுரம் பிரித்து அறியக்கூடிய வேறு சில இசைவாணர்களைத் தண்டவாளத்தின் ஓரம் நிற்கவைத்தார்.

பிப்ரவரி மாதம் நடந்த முதல் முயற்சியைக் குளிரும் பனியும் கெடுத்துவிட்டன. சோதனையை ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைத்தார். உட்ரெக்ட் நகருக்குப் பக்கத்தில் ரெயில் ஓடியது. வாத்தியக்காரர்கள் ஊதினார்கள். ஓரத்தில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

ரெயில் வரும்போது சுரம் ஏறியது. போகும்போது இறங்கியது. டாப்ளர் சொன்னபடியே நடந்தது! நட்சத்திர நிறம் பற்றிய கருத்தை மட்டும் அந்த இளைஞர் ஏற்கவில்லை. ஒலிக் கணக்கு சரி என்று ஒப்புக்கொண்டார்.

புகழும் நோயும்

இவ்வளவு நடந்தும் டாப்ளருக்கு நிம்மதி கிடைக்கவில்லை. கல்லூரியில் வேலைப்பளு அதிகம். நூற்றுக்கணக்கான மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்து வாய்மொழித் தேர்வு நடத்த வேண்டும். தேர்வு கடுமையாக இருக்கிறது என்று மாணவர்கள் புகார் செய்தார்கள். அவர் மனம் நொந்தார். ஏற்கனவே மெலிந்த உடம்பு மேலும் மெலிந்தது. நுரையீரல் நோய் பற்றிக்கொண்டது.

1847-ம் ஆண்டு, இன்று சுலோவாக்கியா நாட்டில் உள்ள ஒரு சுரங்கக் கல்லூரிக்கு மாறினார். மறு ஆண்டே ஐரோப்பா எங்கும் புரட்சி வெடித்தது. குடும்பத்தோடு வியன்னாவுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே அவருக்குப் பெரிய கவுரவம் காத்திருந்தது. 1850-ம் ஆண்டு வியன்னா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கழகம் ஒன்று புதிதாக அமைக்கப்பட்டது. சக்கரவர்த்தி டாப்ளரை அதன் முதல் தலைவராக நியமித்தார். பஞ்சாலையில் கணக்கு எழுதியவர், சாம்ராஜ்யத்தின் தலைநகரில் பேராசிரியர் ஆனார். அவரிடம் பாடம் கேட்ட மாணவர்களில் ஒருவர்தான், பட்டாணிச் செடியை வளர்த்துப் பரம்பரை ரகசியத்தைக் கண்டுபிடித்த மெண்டல்.

ஆனால் எதிர்ப்பு ஓயவில்லை. பெட்ஸ்வால் என்ற கணித மேதை 1852-ம் ஆண்டு டாப்ளரின் கொள்கையை அறிஞர் சபையில் கடுமையாகத் தாக்கினார். இவ்வளவு சிறிய கணக்கில் பெரிய உண்மை எப்படி அடங்கும் என்பது அவருடைய வாதம். நோயாளியாக இருந்த டாப்ளர், தம் கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த ஆண்டு நவம்பரில், இதமான காற்று உடம்பைத் தேற்றும் என்ற நம்பிக்கையோடு வெனிஸ் நகருக்குப் போனார். உடம்பு தேறவில்லை. 1853-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி, 49 வயதில் காலமானார். வெனிஸ் நகரின் கல்லறைத் தீவில் அவரை அடக்கம் செய்தார்கள். கல்தச்சர் மகனின் கல்லறை அங்கே எந்த இடத்தில் இருக்கிறது என்பது இன்று தெரியவில்லை.

சிவப்புக் கொடியும் சைக்கிள் போலீசும்

டாப்ளர் மறைந்தார். அவர் கணக்கு மறையவில்லை. 1868-ம் ஆண்டு இங்கிலாந்து வானியல் அறிஞர் ஒருவர், ஒரு நட்சத்திரம் நகரும் வேகத்தை அளக்க அதைப் பயன்படுத்தினார். வானத்தில் வென்ற கணக்கு, பூமியில் சாலைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையே சாலையில் வேறொரு சண்டை தொடங்கியிருந்தது. வண்டி எவ்வளவு வேகம் போகலாம்? அதை மீறினானா இல்லையா என்று யார் சொல்வது?

இங்கிலாந்தில் 1865-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. நீராவி வண்டிகள் ஊருக்குள் மணிக்கு 2 மைலுக்கு மேல் போகக்கூடாது. ஊருக்கு வெளியே 4 மைல். வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும்!

1896-ம் ஆண்டு ஜனவரி மாதம், அந்த நாட்டின் கென்ட் பகுதியில் வால்டர் அர்னால்டு என்பவர் மோட்டாரில் மணிக்கு 8 மைல் வேகத்தில் போனார். ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். வேகமாகப் போன குற்றத்துக்கு 1 ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. வேகத்துக்காக அபராதம் கட்டிய முதல் மோட்டார்காரர் என்று அவர் பெயர் நிலைத்துவிட்டது.

பிறகு போலீசார் புதர்களில் ஒளிந்துகொண்டு, ஸ்டாப் வாட்ச் வைத்து வேகத்தைக் கணக்கிட்டார்கள். மோட்டார்காரர்கள் கொதித்தார்கள். பொறி வைத்துப் பிடிப்பது நியாயமா என்று கேட்டார்கள். எந்த இடத்தில் போலீஸ் ஒளிந்திருக்கிறது என்று எச்சரிப்பதற்காகவே 1905-ம் ஆண்டு ஒரு சங்கம் தொடங்கினார்கள். கோர்ட்டுகளில் தினமும் வாதம். போலீஸ்காரர் ஒரு வேகம் சொல்வார். டிரைவர் வேறு வேகம் சொல்வார். யார் சொல்வதை நம்புவது?

இரண்டாவது உலகப் போருக்குப் பிறகு இதற்கு விடை கிடைத்தது. விமானங்களைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட ரேடார் கருவி, 1940-களின் இறுதியில் அமெரிக்கச் சாலைக்கு வந்தது. அதற்குள் இருந்தது டாப்ளரின் கணக்கு!

கருவி ரேடியோ அலையை அனுப்புகிறது. அது காரில் மோதித் திரும்புகிறது. இன்று வழக்கத்தில் உள்ள ஒரு வகைக் கருவி நொடிக்கு ஏறக்குறைய 2,415 கோடி அலைகளை அனுப்புகிறது. எதிரே வரும் கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், திரும்பும் அலைகளில் நொடிக்குச் சுமார் 2,680 கூடுதலாக இருக்கும். அந்தச் சிறு கூடுதலைக் கருவி எண்ணி, வேகத்தைச் சொல்லிவிடுகிறது.

ஆலந்து நாட்டுக் கார்ப் பந்தய வீரர் காட்சோனைட்ஸ், 1953-ம் ஆண்டு மான்டி கார்லோ பந்தயத்தில் வென்றவர். வளைவுகளில் தம் வேகத்தை அளந்து இன்னும் விரைவாக ஓட்டுவதற்காக அவர் ஒரு கருவி செய்தார். அதுவே பின்னால் வேகக் காமிராவாக வளர்ந்தது. வேகத்தை நேசித்தவர், வேகத்துக்குக் கடிவாளம் செய்தார்!

நம் நாட்டில் வழக்கு

நம் நாட்டிலும் இந்த விவாதம் சூடாகத்தான் நடக்கிறது.

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 71 பேர் சாவுக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய அரசின் அறிக்கை கூறியது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு 17,884 உயிர்கள் போயின.

2018-ம் ஆண்டு மத்திய அரசு விரைவுச்சாலைகளில் கார்களின் உச்ச வேகத்தை 120 கிலோமீட்டராக உயர்த்தியது. சாலைகள் நன்றாகிவிட்டன, வண்டிகளும் முன்னேறிவிட்டன என்று காரணம் கூறப்பட்டது. 2021-ம் ஆண்டு சென்னை ஐகோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. வேகம் கூடினால் உயிர்ச்சேதமும் கூடும் என்று கருதியது.

2023-ம் ஆண்டு சென்னை நகரில் 40 கிலோமீட்டர் என்று பேச்சு எழுந்தபோது, எதிர்ப்பும் எழுந்தது. ஆமை போல ஊர்ந்தால் வேலைக்குப் போவது எப்படி என்று கேட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் புதிய வேகம் நிர்ணயிக்கப்பட்டது. கார்களுக்கு 60, மோட்டார் சைக்கிள்களுக்கும் கனரக வண்டிகளுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் 30.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறும் வளைவில் 40 கிலோமீட்டர்கூட ஆபத்து. உளுந்தூர்ப்பேட்டை-சேலம் நெடுஞ்சாலையில் அதே 40 மிகவும் குறைவு. பள்ளிக்கூட வாசலுக்கு ஒரு வேகம், வயல்வெளிச் சாலைக்கு ஒரு வேகம். எந்த இடத்துக்கு எவ்வளவு என்பதைக் கருவி சொல்லாது. அதை மனிதர்கள்தான் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் போட்ட பிறகு வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. சாலையைக் கடக்கும் பாட்டிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் இந்தக் கணக்குதான் உயிர்.

கருவியைச் சோதிக்க வேண்டும்

காமிரா வைத்து அபராதம் வசூலிப்பது அரசுக்குப் பணம் சேர்க்கத்தான் என்று சிலர் குறை கூறுகிறார்கள். போலீஸ்காரராவது முகம் பார்த்துப் பேசுவார். இயந்திரத்திடம் என்ன பேச முடியும் என்று கேட்கிறார்கள்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இயந்திரத்துக்கு ஆள் பார்க்கத் தெரியாது. பெரிய மனிதரின் காரும் ஏழையின் மொபெட்டும் அதற்கு ஒன்றே. அதற்குச் சிபாரிசு பிடிக்க முடியாது. கையூட்டும் கொடுக்க முடியாது.

ஆனால் இயந்திரமும் தவறு செய்யலாம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வண்டிகள் வந்தால், எதன் வேகத்தைக் காட்டுகிறது என்ற சந்தேகம் வரும். அதனால்தான் 2021-ம் ஆண்டு மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காமிரா இருக்கும் இடத்துக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். புதரில் ஒளிந்து பிடிக்கும் பழைய கதை கூடாது என்பதே இதன் பொருள்.

டாப்ளரின் வாழ்க்கை நமக்குக் காட்டுவதும் இதைத்தான். பேராசிரியர் சொன்னார் என்பதற்காக அவருடைய கணக்கை உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை. ரெயிலில் வாத்தியக்காரர்களை ஏற்றி, ஓரத்தில் காதைத் தீட்டி நின்று, சோதித்துப் பார்த்த பிறகே ஏற்றுக்கொண்டது. நட்சத்திர நிறத்தில் அவர் செய்த தவறு தள்ளப்பட்டது. சரியானது நிலைத்து நின்றது.

வேகக் கருவிக்கும் அதே சோதனை வேண்டும். சோதனையில் தேறாத கருவியைத் தூக்கி எறிய வேண்டும். தேறிய கருவி காட்டும் எண்ணை, காரில் போகிறவரும் போலீஸ்காரரும் ஒன்றுபோல ஏற்றுக்கொள்ள வேண்டும்.

உளி பிடிக்க முடியாத கைகள் எழுதிய ஒரு சிறு கணக்கு, இன்று எத்தனையோ சாலைகளில் சாட்சி சொல்கிறது. அது யாருக்கும் பயப்படாத சாட்சி. அதைப் பொய்ச் சாட்சி ஆகாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு!